அக்காவின் முறை வந்தபோது

“உனக்குப் பேச வருதும்மா. அதுல சந்தேகமே இல்ல. கேக்க வருமான்னுதான் எனக்குச் சந்தேகம்.”

சேலம் டவுனில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றுகொண்டு ரேடியோ சார் என்னிடம் இதைச் சொன்னார். அவருக்குப் பிழைப்பு எக்ஸ்ரே எடுப்பது. விடுமுறை நாட்களில் வீட்டு மாடியில் கம்பி கட்டி உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர். நாங்கள் பள்ளியில் சாரணியராக இருந்த நாளிலிருந்து அவருக்கு எங்களிடத்தில் ‘ரேடியோ சார்’ என்றுதான் பெயர். அப்படி ரேடியோவில் பேச அரசு நடத்தும் உரிமத் தேர்வை நானும் எழுதப் போகிறேன், என்னென்ன படிக்க வேண்டும் என்று கேட்கப் போயிருந்தேன். யாரோ ஒருவருடைய விலா எலும்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், அவர் அதைச் சொன்னார். பிறகு வாங்க வேண்டிய புத்தகத்தின் பெயரை ஒரு பழைய உறையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். பேருந்து நிலையம் வரை எனக்குக் காது மடல் சூடாகவே இருந்தது.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துப் படியை முதன்முதலாக மிதித்ததே என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோதுதான். நான் இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழை இன்றைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பதற்கில்லை. சான்றிதழ் கொடுப்பதற்கு முன் உடன்பிறந்தவர்கள் யாராவது படித்திருக்கிறார்களா என்று கேட்டார்கள். பெரியம்மா மகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கொஞ்சம் தயங்கியிருப்பேன்.

அந்தப் பெரியம்மா மகள்தான் அக்கா, என்னைவிட ஒரு வயது மூத்தவள். வெண்ணந்தூரை அடுத்த ஊரில், ஒரே வளவுக்குள் பெரியம்மா வீடும் எங்கள் வீடும். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தறிக்கொட்டகை, நான்கு விசைத்தறி. தறி ஓடும்போது யாரும் யாரோடும் சாதாரணமாகப் பேச முடியாது. கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் காட்ட வேண்டும். அதனால் அக்காவுக்குத் திக்குகிறது என்பது பள்ளிக்கூடம் போகும்வரை வீட்டில் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தெரிந்த பிறகு எல்லோரும் அவளுக்கு உதவ ஆரம்பித்தார்கள். அவள் முதல் எழுத்தில் நிற்கும்போதே மீதியை நாங்கள் சொல்லி முடித்துவிடுவோம். “என்ன சாமி, தண்ணியா?” என்பார் பெரியம்மா, அத்தனை பிரியமாக. அக்கா தலையாட்டிவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிப்பாள். அவள் கேட்க வந்தது தையல் நூலாக இருக்கும், தலைவலி மாத்திரையாக இருக்கும். அந்த வளவில் தாகமில்லாமல் அதிகம் தண்ணீர் குடித்தவள் அவள்தான்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் இருவரும் சாரணியர் இயக்கத்தில் சேர்ந்தோம். வயதுப்படி அவள்தான் அணித்தலைவி ஆகியிருக்க வேண்டும். தலைவி என்றால் மைதானத்தில் கட்டளை சொல்ல வேண்டும். சிஸ்டர் ஒருநாள் அவளைச் சொல்ல வைத்துப் பார்த்தார். எட்டுப் பெண்கள் நேராக நின்றுகொண்டு, முதல் சொல்லுக்காகக் காத்திருந்து, கடைசியில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மறுநாள் நான் தலைவி, அக்கா துணைத்தலைவி. அக்கா அதற்காக முகம் சுளித்ததாக நினைவில்லை. என் கழுத்துத் துண்டை அவள்தான் தினமும் மடித்துத் தருவாள். என் மடிப்பு ஒருபோதும் நேராக வராது.

அவளுக்கு வாய்த்த திறமை வேறு. மோர்ஸ் தந்தி ஒலிகளைச் சொல்லிக் கொடுப்பதற்காக ரேடியோ சார் மாதம் ஒரு சனிக்கிழமை வருவார். இரைச்சலுக்கு நடுவில் எங்கோ ஒரு கப்பலோ யாரோ ஒரு ஆளோ விட்டு விட்டுத் தட்டுவதைக் கேட்டு எழுத வேண்டும். எங்களுக்கு அது கொசு கத்துவது மாதிரி இருக்கும். அக்கா பென்சிலை எடுத்து எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டே போவாள். நான்கு தறி ஒரே நேரத்தில் ஓடும்போது எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிறவளுக்கு இது என்ன பெரிய காரியம்? “இந்தப் புள்ளைக்கு வீட்டுல என்னத்தைங்க சிஸ்டர் சாப்பாடு போடறாங்க?” என்று ரேடியோ சார் எங்கள் சிஸ்டரைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இரண்டு நாள், உலகம் முழுவதும் உள்ள சாரணர்கள் அமெச்சூர் ரேடியோ வழியாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். நான் ஒன்பதாவதும் அக்கா பத்தாவதும் படித்த ஆண்டு, எங்கள் பள்ளியில் முதன்முறையாக அது நடக்கப் போகிறது என்று அறிவித்தார்கள். ரேடியோ சார் தம் கருவியைக் கொண்டுவருவார். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம், ஆளுக்கு ஒரு நிமிடம். பட்டியலில் அக்கா தன் பெயரைத் தானே எழுதினாள். சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

அந்த ஒரு மாதம் அவள் எப்படித் தயாரானாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மின்வெட்டு நேரத்தில்தான் எங்கள் வளவு அமைதியாக இருக்கும். தறி நின்றதும் கொட்டகைக்குப் பின்னால் போய், தறிக்கு நூல்தார் சுற்றும் முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். ஆள்காட்டி விரலால் முக்காலி ஓரத்தில் மெதுவாக மூன்று தட்டு. மூன்றாவது தட்டு முடிந்ததும் வாயைத் திறப்பாள். சொல் வரும். முழு வாக்கியமாக, தடையில்லாமல் வரும். இதை அவளே கண்டுபிடித்திருந்தாள். தட்டுக்கு நடுவே இடைவெளி வேண்டும், அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் வைத்திருந்தாள். தன் பெயர், தன் ஊர், தங்கள் வீட்டில் தறி ஓடுகிறது என்பது, நான்காவதாக ஒரு கேள்வி: எங்கள் ஊரில் கரண்ட் போனால்தான் அமைதி, உங்கள் ஊரில் எப்போது அமைதியாக இருக்கும்? அதை அவள் சொல்லக் கேட்டபோது, நமக்கு ஏன் இப்படி ஒன்று தோன்றவில்லை என்று நினைத்தேன்.

ரேடியோ பேசுவதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

“அம்மிணி, ஒரு ஒ… ஒத்தாச பண்ணோணும்.”

“சொல்லுக்கா. நானே பேசீரட்டுமா?”

“அதில்ல.” கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். நின்று நின்று சொன்னாள். மைக்கின் பொத்தானை அழுத்திவிட்டுத் தான் மூன்று தட்டுத் தட்டும்வரை அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது, தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் தன் முறைக்கு முன்னால் நான் மைக்கில் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அடுத்துப் பேசுவது என் அக்கா, அவள் தொடங்கக் கொஞ்சம் நேரமாகும், தயவுசெய்து காத்திருங்கள். இவ்வளவுதான்.

“இது ஒரு பெரிய காரியமா? சொல்லீர்றேன் போ” என்றேன்.

மறுநாள் இயற்பியல் ஆய்வகத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து மைதானத்து மரம் வரை கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினராகக் கோழிப்பண்ணை முதலாளி ஒருவர் வந்திருந்தார். பத்திரிகைப் படக்காரர் ஒருவரும் இருந்தார். பிற்பகலில் இந்தோனேசியாவில் ஒரு தீவிலிருந்து சாரணியர் குழு ஒன்று கிடைத்தது. எங்கள் வயதுப் பெண் ஒருத்தி, எங்களைப் போலவே யோசித்து யோசித்து ஆங்கிலம் பேசினாள். பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. ரேடியோ சார் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த விதி அது.

விருந்தினருக்குத்தான் முதல் மரியாதை. அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, மைக்கைக் கொடுக்காமல், “சார், அந்தூர்ல கோழிக்குக் கழிச்சல் வருதான்னு கேளுங்க” என்றார்.

“ஐயா, இதுல யாவாரம் பேசக் கூடாதுங்க. சட்டம்” என்று ரேடியோ சார் பதறினார்.

“யாவாரம் எங்கீங்க பேசுனேன்? கோழியோட ஒடம்பத்தானுங்க விசாரிச்சேன்!”

ஆய்வகமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் பேசினேன். நன்றாகப் பேசினேன். விருந்தினர் தலையாட்டினார், சிஸ்டர் முகம் மலர்ந்தது. அடுத்தது அக்கா. நான் சொல்ல வேண்டிய வரி என் நாக்கில் இருந்தது. படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நெருங்கி வந்தார். என் அக்காவுக்குத் திக்கும் என்பதை இத்தனை பேர் முன்னால், கடல் தாண்டி இருக்கும் ஒரு பெண்ணிடம், என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சற்றுமுன் பாராட்டு வாங்கிய அதே வாயால். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்துப் பேசுவது என் அக்கா என்று மட்டும் சொல்லி ‘ஓவர்’ போட்டுவிட்டேன். சரி, பேசச் சொல் என்று அந்தப் பெண்ணும் ‘ஓவர்’ சொன்னாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் மைக்கை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். மேசையில் விரல் ஒரு தடவை தட்டியது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ செருமினார்கள். விரல் இரண்டாம் தடவை தட்டியது. “ஏம்மா, பேசும்மா” என்றார் படக்காரர். ரேடியோ சாரின் உள்ளங்கை மேசைக்குமேல் லேசாக உயர்ந்தது. பொறு என்று சொல்லும் கை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். கை மாறும்போது பொத்தான் விடுபட்டது. ஹலோ, ஹலோ, ஒன்றும் கேட்கவில்லையே என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பொத்தானை அழுத்தி, அக்காவின் பெயரை என் பெயராகச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். மேற்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல், எனக்கு நடனம் ஆடப் பிடிக்கும் என்றேன். அந்தப் பெண் உற்சாகமாகி, தனக்கும் பிடிக்கும் என்று தங்கள் ஊர் நடனத்தைப் பற்றிச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். நம்புங்கள், அன்று ராத்திரி அப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படிப் பேசியவர்கள், பேசியதற்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் அட்டை அனுப்புவது வழக்கம். சில மாதம் கழித்து அந்தக் குழுவிடமிருந்து பள்ளி முகவரிக்கு ஓர் அட்டை வந்தது. பின்புறத்தில் அந்தப் பெண் கைப்பட எழுதியிருந்தாள். பேசியவர்களில் அக்காவின் குரல்தான் தனக்கு மிகவும் பிடித்தது என்றும், ஒருநாள் இருவரும் சேர்ந்து ஆட வேண்டும் என்றும் இருந்தது. சிஸ்டர் அதைக் காலை வழிபாட்டில் வாசித்தார். அக்காவை மேடைக்கு அழைத்தார். நடந்தது தெரியாத சின்ன வகுப்புப் பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். தெரிந்தவர்களும் தட்டினார்கள். அக்கா அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கைதட்டல் ஓயும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் என் வகுப்பு வாசலுக்கு வந்து அதை நீட்டினாள்.

“இது உ… உன்ற கொரலுக்கு வந்தது. நீயே வெச்சுக்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாளில் ராசியாகியிருப்போம்.

பத்தாவதில் அவள் எடுத்த கணக்கு மதிப்பெண்ணை அடுத்த ஆண்டு என்னால் எட்ட முடியவில்லை. இருந்தும் அவள் பதினொன்றாவதில் சேரவில்லை. பெரியப்பாவுக்கு இடுப்பு வலி, தறிக்கு ஆள் இல்லை. காரணம் அதுதான், வளவில் எல்லோருக்கும் தெரியும். அந்த ரேடியோ நாளால்தான் நின்றாள் என்று நான் சொன்னால் அது என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்வது. ஆனால் மேலே படிக்க ஆசையில்லையா என்று பெரியம்மா அவளைக் கட்டாயப்படுத்திக் கேட்டபோது அவள் சொன்ன பதில் ஒன்று இருக்கிறது. பெரியம்மா அதை ஏதோ வேடிக்கை மாதிரி எங்கள் வீட்டில் வந்து சொன்னார். “அவ படிக்கட்டும்மா, எனக்கும் சேத்து அவளே பேசிக்குவாங்கறா சாமி!” எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா என் தலையைத் தடவினார். நான் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவை மல்லசமுத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா போர்வெல் லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அவள் தையல் தைக்கிறாள், இரண்டு மேச்சேரி ஆடு வளர்க்கிறாள். போனில் பேச மாட்டாள். நாம் அழைத்தால் எடுப்பாள், நாம் பேசுவதைக் கேட்பாள். முன்பெல்லாம் நான் கேள்வியும் கேட்டு, பதிலும் நானே சொல்லி, “சரிக்கா, வெச்சர்றேன்” என்று முடித்துவிடுவேன். பேசிய திருப்தி எனக்கு இருக்கும்.

உரிமத் தேர்வை முதல் தடவை எழுதியபோது தோற்றேன். எழுத்துத் தேர்வில் தேறினேன், மோர்ஸ் அனுப்புவதில் தேறினேன். கேட்டு எழுதுவதில்தான் தோல்வி. ஓர் எழுத்து தப்பினால் அதை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்க வேண்டும். நான் தப்பிய எழுத்தை யோசித்தேன். யோசிக்கும்போது இன்னும் மூன்று தப்பின. பிறகு கிடைத்த எழுத்துகளை வைத்து, இது இன்ன சொல்லாகத்தான் இருக்கும் என்று நானே நிரப்பினேன். நிரப்பியதெல்லாம் தவறு. திரும்பி வரும்போது பேருந்தில் அந்தத் தாளை நினைத்துக்கொண்டே வந்தேன். நான் நிரப்பிய சொற்கள் எல்லாமே நல்ல சொற்கள், பொருத்தமான சொற்கள். அனுப்பியவர் அனுப்பாதவை, அவ்வளவுதான். சங்ககிரி தாண்டும்போது முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டேன். பக்கத்து இருக்கை அம்மாள், “என்ன கண்ணு, வாந்தி வருதா?” என்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். வாங்கி முகர்ந்துகொண்டேன்.

இரண்டாம் தடவை, கேட்காத இடத்தைக் காலியாக விட்டேன். தேறினேன். இந்த ஆண்டு உரிமம் கைக்கு வந்துவிட்டது. என் பள்ளியில் சாரணியர் அணி தொடங்கியிருக்கிறேன். வரும் அக்டோபரில் பதினான்கு பெண்கள் என் கருவியில் பேசப் போகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அக்கா அன்று என்னிடம் கொடுத்த அட்டையில் அச்சிட்டிருந்த குழுவின் முகவரிக்கு, அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அவள் இப்போது எங்கே இருப்பாளோ, கடிதம் போய்ச் சேருமோ தெரியாது. ஆனால் அக்காவைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்கிற அளவுக்காவது நான் மாறியிருந்தேன். போன வாரம் மல்லசமுத்திரம் போனேன்.

அக்கா தையல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அன்று நீ கேட்டது என் அக்காவின் குரல் அல்ல, என் குரல். என் அக்காவுக்குத் திக்குவாய். அதனால் அன்று அவளால் பேச முடியவில்லை. அவளுக்காக நான் பேசினேன். எங்களை மன்னித்துவிடு. சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்றோ, போகட்டும் விடு என்பாள் என்றோ எதிர்பார்த்திருக்க வேண்டும். எதை எதிர்பார்த்தேன் என்று இப்போது நினைவில்லை.

அவள் வாய் திறந்தது. முதல் எழுத்தில் நின்றது. என் உதடு தானாக அசைந்தது. பல்லால் கடித்துக்கொண்டேன். வெளியில் ஆடு கத்தியது. தெருவில் ஒரு மினி லாரி வந்து, நின்று, திரும்பிப் போனது. அவள் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. நான் சுவரைப் பார்க்கவில்லை, போனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“தி… திக்குனதுனால இல்ல” என்றாள். “நான் பேசியிருப்பேன். நீ பொ… பொறுக்கல. அப்படி எழுது.”

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்து, மிஷினில் பாதியில் நின்ற ரவிக்கையை மறுபடி தைக்க ஆரம்பித்தாள். நான் அங்கேயே, அவள் துணி வெட்டும் பலகைமேல் புதுத் தாளை வைத்து, கடிதத்தை முதலிலிருந்து எழுதினேன். என் அக்கா பேசத் தொடங்கியிருந்தாள், நான் பொறுக்கவில்லை, அவளிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன் என்று எழுதினேன். ‘எங்களை’ என்பதை எடுத்துவிட்டு ‘என்னை’ என்று போட்டேன். உறையின்மேல் அனுப்புநர் இடத்தில் என் பெயரை மட்டும் எழுதி, பதிவுத் தபால் வாங்குவதை நிறுத்தும் மூன்றரை மணிக்குள் மல்லசமுத்திரம் தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ச் சேர்த்துவிட்டேன்.